உரித்துப் பூசுவது புதுப்பித்தல் ஆகுமா?

தமிழ் எழுத்தாளர்களின் கட்டுரைத் தொகுப்பு ஒன்றில் பழைய மிதிவண்டியின் மட்கார்டைப் பற்றி எழுதுவதா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். சங்க இலக்கியம் இருக்க, காப்பியங்கள் இருக்க, துருப்பிடித்த தகரத்தைப் பற்றி என்ன பேச்சு என்பர். என் வழக்கு அந்தத் தகரத்தைப் பற்றியதுதான். நம் நாட்டில் பழைய மிதிவண்டிகளைப் ‘புதுப்பிக்கிறோம்’ என்று சொல்லிக்கொண்டு, அவற்றின் மட்கார்டுகளை அடித்தகடு தெரியும்வரை உரித்தெடுத்துப் புது வண்ணம் ஏற்றும் வழக்கம் ஒன்று பரவி வருகிறது. அதனைப் பாதுகாப்பு என்று போற்றுகிறார்கள். நான் அதனை அழிப்பு என்கிறேன். பிற இனத்தார்க்கு அதனால் வரும் இழப்பு சிறிதாக இருக்கலாம். இந்நாட்டில் உழைத்து வாழ்ந்த தமிழர்க்கு அது பேரிழப்பு. ஏன் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையை அறியாத தமிழர் இரார். சீனர்களின் குவான் யின் கோயில் 1800-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சாலைக்குப் பெயர் தந்த பள்ளிவாசல் 1801-இல் காதர் மொகிதீன் என்னும் தமிழ் முஸ்லிம் தலைவரால் தோற்றுவிக்கப்பட்டது. வடமுனை அருகே உள்ள செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் 1818-இல் எழுந்தது. பக்கத்துக் குயின் தெருவை நோக்கி நிற்கும் மகாமாரியம்மன் கோயில் 1833-ஆம் ஆண்டினது. நான்கு சமயங்கள் நடந்து செல்லும் தொலைவுக்குள் கூடியிருப்பதால் இதனை நல்லிணக்கச் சாலை என்றும் அழைப்பதுண்டு. 2008-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள், மலாக்காவுடன் சேர்த்து ஜார்ஜ் டவுனை யுனெஸ்கோ உலக மரபுடைமையாக அறிவித்தது. அதன்பின் பழமைக்கு ஒரு விலை வந்துவிட்டது.

பழைய மிதிவண்டிக்கும் அப்படித்தான் விலை வந்தது. 2012-இல் ஜார்ஜ் டவுன் விழாவின்போது, எர்னஸ்ட் ஜக்கரேவிச் என்னும் லித்துவேனிய ஓவியர் ஆர்மேனியன் தெருச் சுவர் ஒன்றில் இரு குழந்தைகளைத் தீட்டினார். குழந்தைகள் ஓவியம், அவர்கள் அமர்ந்திருக்கும் வண்டியோ மெய்யான பழைய மிதிவண்டி. அதனைச் சுவரோடு சேர்த்துப் பொருத்திவிட்டார். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலிருந்து சில நிமிட நடையில் உள்ள அந்தச் சுவரின் முன்னே உலகத்துச் சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நின்று படம் பிடித்துக்கொள்கிறார்கள். ஓவியத்தில் குறை காண நான் வரவில்லை. அது நல்ல ஓவியம். ஆனால் அதைப் பார்த்துத் தங்கள் காப்பிக்கடைச் சுவரிலும் விடுதி வாயிலிலும் ஒரு பழைய வண்டியை மாட்ட விரும்பியவர்கள் பலர். அவர்களுக்கு வேண்டியது பளபளக்கும் ‘பழமை’. பாட்டன் காலத்து ராலே வண்டியின் வடிவம் இருக்க வேண்டும். பாட்டன் காலத்துக் கறை மட்டும் இருக்கக் கூடாது!

மட்கார்டு என்பது என்ன? சக்கரம் வாரியிறைக்கும் சேற்றையும் நீரையும் தடுத்து ஓட்டுபவரின் உடையைக் காக்கும் வளைந்த தகடு. தடிமன் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. வண்டியின் உறுப்புகளுள் முதலில் நசுங்குவதும், முதலில் துருப்பிடிப்பதும், முதலில் கழற்றி எறியப்படுவதும் அதுவே. சட்டகத்தின் இரும்புக் குழாய் நூறாண்டு நிற்கும்; மட்கார்டு நிற்பது அரிது. ஆகவேதான் பழைய வண்டியோடு தன் சொந்த வண்ணத்துடன் பிழைத்திருக்கும் மட்கார்டு ஒன்றைக் கண்டால் விவரம் அறிந்தோர் தொட அஞ்சுவர்.

அந்த வண்ணத்தில் எழுதியிருப்பது என்ன என்று கேட்கலாம். சொல்கிறேன். இங்கிலாந்தின் நாட்டிங்காமில் ராலே நிறுவனமும் பர்மிங்காமில் ஹெர்குலிஸ் நிறுவனமும் செய்து அனுப்பிய வண்டிகளே மலாயாவின் சாலைகளில் ஓடின. தகட்டின்மேல் கறுப்பு எனாமலை ஏற்றிச் சூளையில் சுட்டு இறுக்குவார்கள். காய்ந்த கறுப்பின்மேல் நீண்ட மயிர்த் தூரிகையால் மெல்லிய பொற்கோடு இழுப்பார்கள். கையால் இழுத்த கோடாகையால் அதன் தொடக்கத்தில் ஒரு சிறு தடிப்பும் முடிவில் ஒரு மெலிவும் இருக்கும். கூர்ந்து நோக்கினால் வேலை செய்தவரின் மூச்சு நின்ற இடம்கூடத் தெரியும் போலிருக்கும். பின் மட்கார்டின் கீழ் நுனியில் ஒரு வெண்பட்டை உண்டு. அது அழகுக்காக வந்ததன்று. இரவில் பின்னால் வரும் மோட்டார் வண்டி ஓட்டுநர்க்கு மிதிவண்டி புலப்பட வேண்டும் என்று 1930-களில் பிரித்தானியாவில் கொண்டுவந்த விதியின் அடையாளம் அது. அதே வெண்பட்டை இந்தியாவில் செய்த வண்டிகளுக்கும் வந்தது. 1949-இல் நிறுவப்பட்டு அம்பத்தூரில் தொழிற்சாலை நடத்திய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் ஹெர்குலிஸ் வண்டியைத் தமிழ்நாட்டில் ஓட்டிப் பழகியவர்க்கு நான் விளக்க வேண்டியதில்லை. விதி பிறந்த நாடு வேறு, வண்டி ஓடிய நாடு வேறு. பட்டை மட்டும் வழக்கமாகக் கடல் கடந்து வந்துவிட்டது. ஒரு சாண் வெள்ளை வண்ணத்தில் இத்தனை செய்தி!

தொழிற்சாலை வண்ணத்தோடு கதை முடிவதில்லை. அதன்மேல் இந்நாட்டு வண்ணம் ஏறும். 1941 டிசம்பர் 8-ஆம் நாள் கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியப் படை, மிதிவண்டிகளைக் கொண்டே தீபகற்பத்தின் நீளத்தைக் கடந்தது. ஊரார் வைத்திருந்த வண்டிகளையும் அது கைப்பற்றியது. டயர் போனால் வெறும் இரும்பு வளையத்தின்மேலேயே ஓட்டிச் சென்றார்கள் என்பதும் பலரறிந்த செய்தி. டிசம்பர் 11-இல் ஜார்ஜ் டவுன்மீது குண்டு வீழ்ந்தது. அம்மாதம் முடியுமுன்பே பினாங்கு வீழ்ந்தது. ஆட்சிக் காலத்தில் டயர் கிடையாது, வண்ணம் கிடையாது, உறுப்புகள் கிடையா. கிடைத்ததைக் கொண்டு ஒட்டவைத்து ஓட்டினார்கள். போருக்குப்பின் கிடைத்த வண்ணத்தைத் தூரிகையால் பூசிக்கொண்டார்கள். ஆகவே ஒரு பழைய மட்கார்டில் ஒரு சிறு பெயர்ப்பைக் கண்டால், அதன் ஓரத்தில் அடுக்கடுக்காக வண்ணங்கள் தெரியக்கூடும்: அடியில் சுட்ட கறுப்பு, அதன்மேல் கையால் பூசிய பச்சையோ நீலமோ, அதற்கும் மேல் மீண்டும் கறுப்பு. நிலத்தைத் தோண்டுவோர் மண்ணடுக்கைப் படிப்பதுபோல் இவ்வடுக்கைப் படிக்கலாம். பழைய கடைவீட்டின் சுவரைச் செப்பனிடும் அறிஞர்கள் இதனையே செய்கிறார்கள். ஒரு மூலையில் சிறு சதுரமாகச் சுரண்டி, எத்தனை சுண்ணாம்புப் பூச்சு, என்னென்ன நிறம் என்று பார்த்துக் குறித்த பிறகே சுவரில் கை வைப்பார்கள். சுவருக்கு உள்ள மதிப்பு வண்டிக்கு ஏன் இல்லை?

இனிப் பட்டறையில் நடப்பதைப் பார்ப்போம். மட்கார்டைக் கழற்றுகிறார்கள். ஸ்டே கம்பிகளைப் பிணைத்த ரிவெட்டுகளைத் தறித்து எறிகிறார்கள். தகட்டின்மேல் அழுத்தக் காற்றோடு மணலை வீசுகிறார்கள். சுட்ட எனாமலும் பொற்கோடும் வெண்பட்டையும் சில நிமிடங்களில் தூளாகித் தரையில் விழுகின்றன. மெல்லிய தகடு மணல் வீச்சில் நெளிவதும் உண்டு. துருவால் மெலிந்த இடங்கள் ஓட்டையாவதும் உண்டு. ஓட்டைக்குப் பட்டி வைத்து அடைக்கிறார்கள். பிறகு பவுடர் கோட்டிங். மின்னேற்றிய வண்ணப் பொடியைத் தெளித்து, ஏறத்தாழ 180 முதல் 200 பாகை வெப்பத்தில் உருக்கிப் படியவைக்கும் முறை அது. குற்றம் சொல்ல முடியாத நல்ல தொழில்நுட்பம். வாயிற்கதவுக்கும் சாளரக் கம்பிக்கும் மிகப் பொருந்தும். மட்கார்டின்மேலோ அது தடித்த தோல்போல் படிந்து, ஓரத்தின் கூர்மையையும் நடுவே ஓடும் வரம்பின் நேர்த்தியையும் மழுக்கிவிடுகிறது. அதன்மேல் கணினியில் வெட்டிய பொன்னிற ஒட்டுக்கோடு. முடிவில், ‘அசல் 1950’ என்று ஒரு சீட்டு.

அசல் எங்கே இருக்கிறது? பட்டறைத் தரையில், மணலோடு மணலாக.

எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று. தோட்டப் பள்ளியில் நெடுங்காலம் பணியாற்றிய தமிழாசிரியர் ஒருவரின் வழிவந்தவர்கள். அவர் ஓட்டிய வண்டி வீட்டின் பின்புறத்தில் கிடந்தது. அதன் பின் மட்கார்டில் வெள்ளை எழுத்தில், தமிழில், அவர் பெயரும் பள்ளியின் பெயரும் எழுதப்பட்டிருந்தன. எழுத்துகள் சாய்ந்தும் குறுகியும் இருந்தன. எழுதியவர் அவரே என்று வீட்டார் சொல்வார்கள். பேரன் தாத்தாவின்மேல் வைத்த அன்பினால் அதனைப் பட்டறை ஒன்றில் கொடுத்தார். திரும்பி வந்த வண்டி கண்ணாடிபோல் மின்னியது. எழுத்து இல்லை. ‘அந்தக் கிறுக்கலையெல்லாம் எடுத்துவிட்டோம் அண்ணா, இப்போது சுத்தமாக இருக்கிறது’ என்று பட்டறைக்காரர் பெருமையோடு சொன்னாராம். அந்தத் தோட்டம் இன்று இல்லை. அந்தப் பள்ளியும் அவ்விடத்தில் இல்லை. ஆசிரியரின் கையெழுத்தில் மிஞ்சியிருந்தது அந்த ஒரு வரிதான். யார் மேல் கோபிப்பது? பேரனுக்கு அன்பு இருந்தது, பட்டறைக்காரருக்குத் திறமை இருந்தது. எதைக் காக்க வேண்டும் என்று அவ்விருவர்க்கும் சொல்லத்தான் ஆள் இல்லை.

நான் முதலில் சொன்ன பேரிழப்பு என்பது இதுவே. ஆளுநர்களுக்கு ஆவணக் காப்பகம் உண்டு. வணிகக் குழுமங்களுக்குப் பேரேடு உண்டு. மிதிவண்டியில் பெரிய பெட்டி கட்டி ரொட்டி விற்ற தமிழ் முஸ்லிம் பெரியவருக்கு என்ன ஆவணம் உண்டு? விடியுமுன் நாளிதழ் கொண்டு சென்றவர்க்கு? தோட்டத்திலிருந்து நகரத்துக்கு வந்து போன கிராணிக்கு? அவர்கள் நாட்குறிப்பு எழுதவில்லை. வண்டியின்மேல் எழுதினார்கள். செயின் மறைப்பிலும் மட்கார்டிலும் பெயர் எழுதுவது தமிழர் பழக்கம். தமிழ்நாட்டின் எந்தச் சிற்றூரிலும் அதனைக் காணலாம். மட்கார்டில் இரண்டு சிறு துளைகள் இருந்தால், அங்கே ஏதோ ஒரு தகடு இருந்திருக்கிறது என்று பொருள். நகராட்சிகள் மிதிவண்டிக்கு உரிமத் தகடு தந்த காலம் ஒன்று இருந்தது. துளையைப் பட்டி வைத்து அடைத்துவிட்டால் அந்தக் கேள்வியே எழாமற் போகும்.

தமிழாசிரியர்களுக்கு இது புதிய செய்தியன்று. ஏடு தேடிய உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1892-இல் சிலப்பதிகாரத்தையும் 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். செல்லரித்த ஏட்டில் சொல் சிதைந்த இடத்தில் அவர் தம் சொல்லை இட்டு நிரப்பவில்லை. சிதைந்தது சிதைந்ததாகவே தெரியும்படி விட்டார். ஏட்டுக்கு ஏடு பாடம் மாறினால் பாடபேதம் என்று குறித்தார். புறநானூற்றில் 267, 268 ஆகிய இரு பாடல்கள் கிடைக்கவில்லை. பாட்டு எழுதத் தெரியாமலா அந்த இடங்களை வெறுமையாக விட்டார்கள்? நன்றாகவே எழுதியிருக்கலாம், படிப்பவர்க்கு வேற்றுமைகூடத் தெரிந்திராது. தெரிந்திராது என்பதுதான் அச்சம். வகுப்பில் பாடபேதத்தைச் சொல்லிக் கொடுக்கும் நாம், வீட்டுக் கொல்லையில் கிடக்கும் பாட்டன் வண்டியை ஏடு என்று எண்ணுவதில்லை. ஏட்டைச் சுரண்டி வெள்ளையாக்கி, அதில் அழகான அச்செழுத்தில் புதிதாக எழுதித் தந்தால், ‘ஆகா, பழைய ஏடு’ என்று கொண்டாடுவோமா?

கட்டடக் கலை உலகம் இதனை ஒரு நெறியாகவே வகுத்திருக்கிறது. 1964-இல் வெனிஸ் நகரில் கூடி வகுத்த பட்டயத்தின் கருத்து இதுதான்: ஊகம் தொடங்கும் இடத்தில் செப்பனிடும் கை நிற்க வேண்டும், இழந்த பகுதிக்குப் பதிலாக வைப்பது முழுமையோடு பொருந்த வேண்டும், ஆயினும் அது புதிது என்று பிரித்தறியவும் முடிய வேண்டும். மட்கார்டுக்கும் இதற்கு மேல் ஒரு விதி தேவையில்லை.

இங்கே எதிர்ப்பக்கத்தார் ஒரு வலிய அம்பை எடுப்பார்கள், எடுக்கவும் வேண்டும். ‘நீர் சொல்லும் அதே சாலையோரத்து மாரியம்மன் கோயிலைப் பாரும். ஆகம வழக்கப்படி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு. அதற்கு முன் கோபுரத்துச் சிற்பங்களுக்கெல்லாம் புது வண்ணம். அதனை அழிப்பு என்பீரா? பள்ளிவாசலைப் பாரும். 1801-இல் இருந்த கட்டடமா இன்று நிற்கிறது? 1910-ஐ ஒட்டி நியூபுரோன்னர் என்னும் கட்டடக் கலைஞர் முகலாயப் பாணியில் விரித்துக் கட்டியதுதானே இன்று நாம் காணும் உருவம்? புதுப்பித்துக்கொண்டே இருப்பதுதான் உயிருள்ள மரபு’ என்பர்.

இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். 1994-இல் ஜப்பானின் நாரா நகரில் கூடிய அறிஞர்களும் ஏறத்தாழ இதனையே ஏற்றார்கள். ஒரு பொருளின் மெய்ம்மையை அது பிறந்த பண்பாட்டின் அளவுகோலால் அளக்க வேண்டுமேயன்றி, எல்லாவற்றுக்கும் ஒரே கோலை நீட்டக் கூடாது என்றார்கள். கோபுரத்துக்கு வண்ணம் பூசுவது வழிபாட்டின் பகுதி. பூசாமல் விடுவதுதான் அங்கே மரபு மீறல். சரி. மிதிவண்டிக்கும் அதே அளவுகோலைக் கொண்டு வாருங்கள். அந்த ரொட்டிக்காரர் தம் வண்டிக்குத் தாமே பச்சை வண்ணம் பூசினாரே, அதனை நான் குறை சொன்னேனா? அது உயிருள்ள மரபு. நாளும் ஓட்டுபவர், மழையில் நனைபவர், துரு கண்டால் ஒரு சிறு டப்பா எனாமல் வாங்கித் தூரிகையால் பூசிக்கொள்ளட்டும். அவருடைய பூச்சு அடுத்த அடுக்கு. முந்திய அடுக்கை அது அழிக்காமல் மூடிக் காக்கிறது. என் வழக்கு ஓடாத வண்டியைப் பற்றியது: சுவரில் மாட்டுவதற்கும் கண்காட்சியில் நிறுத்துவதற்கும் விலைக்கு விற்பதற்கும் உரித்தெடுக்கும் வண்டியைப் பற்றியது. அதற்குக் குடமுழுக்கு இல்லை. மணல் வீச்சு மட்டுமே உண்டு. கோபுரத்துச் சிற்பத்தின் முகத்தைச் செதுக்கி எடுத்துவிட்டு எந்தக் கோயிலும் வண்ணம் பூசுவதில்லை.

‘துருவை அப்படியே விடுவதா? பினாங்கின் உப்புக்காற்றில் மட்கார்டே மிஞ்சாதே’ என்பது அடுத்த கேள்வி. இது நியாயமான கேள்வி. பழமை விரும்பிகளுள் ஒரு கூட்டம் துருவையே அழகென்று கொண்டாடித் திரிகிறது. எண்ணெயும் இடாமல் மழையில் நிறுத்திவைத்து, ‘காலத்தின் கைவண்ணம்’ என்று கவிதை பேசுகிறது. அதுவும் மடமையே. துரு ஏட்டைத் தின்னும் செல்.

வழி உண்டு, செலவும் மிகுதியன்று. மாணவர் ஒருவர் விடுமுறையில் செய்யத்தக்கதே. முதலில் எதையும் கழற்றாமல் எல்லாப் பக்கத்திலிருந்தும் படம் எடுக்க வேண்டும். விளக்கைப் பக்கவாட்டில், தகட்டை ஒட்டினாற்போல் பிடித்து எடுத்தால், நேர் வெளிச்சத்தில் தெரியாத எழுத்தின் மேடும் பள்ளமும் நிழலாகத் தெரியும். அடுத்து, மென்மையான சவர்க்கார நீரில் பஞ்சை நனைத்து அழுக்கை எடுக்க வேண்டும். வெளுத்துப்போன வண்ணம் ஈரமாக இருக்கும்போது நிறம் கூடித் தெரியும். உலர்ந்தபோது காணாத பொற்கோடும் பெயரும் ஈரத்தில் தலைகாட்டுவதுண்டு. அந்த நொடியில் இன்னொரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். துரு உள்ள இடத்தை மட்டும் மெல்லிய எஃகுப் பஞ்சில் எண்ணெய் தொட்டுத் தேய்க்கலாம். ஆழ்ந்த துருவுக்கு ஆக்சாலிக் அமிலத்தை நீரில் கரைத்துப் பயன்படுத்துவோர் உண்டு. துருவைக் கரைத்து, பெரும்பாலும் வண்ணத்தை விட்டுவைக்கும் அமிலம் அது. ஆனால் அது நஞ்சு. கையுறையின்றித் தொடக் கூடாது, பொற்கோட்டின்மேலும் ஒட்டுப்படத்தின்மேலும் படவிடக் கூடாது, வேலை முடிந்ததும் நீரால் நன்றாகக் கழுவ வேண்டும். நம் அடுக்களைப் புளிக்கும் இலேசான துருவை எடுக்கும் ஆற்றல் உண்டு. பித்தளைக் குத்துவிளக்கு துலக்கிய பாட்டிமார் அறிந்த வேதியியல் அது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய வண்ணங்களில் ஈயம் கலந்திருக்கக்கூடும். உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் அத்தூள் காற்றில் பறந்து மூச்சில் ஏறும். சிறு பிள்ளைகளுக்குப் பெருந்தீங்கு. தேய்க்கத்தான் வேண்டுமென்றால் நீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். கழிவைத் துடைத்தெடுத்துக் கட்டிப் போட வேண்டும். பட்டறையில் மணல் வீசும் இளைஞர்கள் முகத்தில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு நிற்பதைக் காணும்போது, பழமைக்கு மட்டுமா இங்கே கேடு என்று தோன்றும்.

துரு போன இடத்தில் வெறுந்தகடு தெரியும். அந்த இடத்துக்கு மட்டும் துத்தநாக பாஸ்பேட் கலந்த பிரைமரைத் தடவி, சுற்றியுள்ள கறுப்புக்கு ஒரு சாயல் குறைந்த எனாமலைச் சிறு தூரிகையால் பூச வேண்டும். மூன்றடி தொலைவிலிருந்து பார்த்தால் ஒன்றெனத் தெரிய வேண்டும். கிட்டே வந்து பார்த்தால் எது பழையது எது புதியது என்று பிரிய வேண்டும். நசுங்கலுக்கு மரச் சுத்தியால் மெல்ல நெளிவு எடுக்கலாம். வண்ணம் வெடித்து உதிரும் என்று தோன்றினால் நசுங்கலை விட்டுவிடுவதே நன்று. கடைசியில் முழுவதும் மெழுகு. அவ்வளவுதான் வேலை. இதில் பட்டறைக்கு வருவாய் குறைவு என்பதை மறைக்கவில்லை. உரித்துப் பூசினால் ஒரே நாளில் முடியும். இவ்வாறு செய்தால் ஒரு மட்கார்டுக்கு ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரத்துக்குக் கூலி கொடுக்க நாம் ஆயத்தமாக இருக்க வேண்டும். ‘சீக்கிரம் முடித்துக் கொடுங்கள் தம்பி’ என்று நெருக்குபவர்களும் நாமேயன்றோ?

இனித் தம் விருப்பப்படி வண்டி சமைப்போர். பழைய சட்டகம் ஒன்று, வேறொரு வண்டியின் கைப்பிடி, மற்றொன்றின் மட்கார்டு, அதற்குச் செம்மஞ்சள் வண்ணம் என்று தாமே ஒரு வண்டியை உருவாக்குவதில் இளைஞர் பலர்க்கு ஆர்வம். இதனை நான் பழிக்க மாட்டேன். அது கைவேலை, கற்பனை, உழைப்பு. நாள் முழுதும் தொலைபேசித் திரையைத் தடவுவதைவிட எவ்வளவோ மேல். அவர்களிடம் கேட்பது ஒன்றே. உங்கள் வண்ணத்துக்குப் புதிய மட்கார்டு வாங்குங்கள்; பழைய வடிவில் இன்றும் செய்கிறார்கள். அல்லது வண்ணம் அறவே போய்த் துருவாகவே எஞ்சிய தகட்டை எடுத்து உங்கள் விருப்பம்போல் ஆடுங்கள். அதில் அழிக்க ஒன்றுமில்லை. தன் வண்ணத்தோடு பிழைத்திருப்பதைத் தொடாதீர்கள். நாட்டிங்காமில் ராலே வண்டி செய்வது 2002-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. அந்தச் சூளையில் சுட்ட கறுப்பை இனி எவரும் சுடப்போவதில்லை.

‘என் வண்டி, என் மட்கார்டு, நீர் யார் கேட்க?’ என்பாரும் உண்டு. சட்டப்படி அவர் சொல்வது சரி. தம் வீட்டு ஏட்டுச்சுவடியை அடுப்பில் இட்டவர்க்கும் ஆற்றில் விட்டவர்க்கும் அந்த உரிமை இருந்தது. அவ்வுரிமையை அவர்கள் பயன்படுத்திய வரலாற்றை நாம் அறிவோம்.

விற்பனைக்கு வைப்பவரிடம் பேச வேண்டியது வேறு. அவருக்கு உரிமையோடு கடமையும் உண்டு. புதுப் பூச்சைப் பழைய பூச்சு என்று விற்பது கலப்படம். அரிசியில் கல் கலந்தால் கேட்கும் நாம் இதனையும் கேட்க வேண்டும். பழைய வண்டி வாங்கப் போகிறவர் மட்கார்டின் உட்புறத்தைத் தடவிப் பார்க்கட்டும். வெளியே கண்ணாடி, உள்ளேயும் கண்ணாடி என்றால் அது நேற்றைய வேலை. வெளியே சற்று மங்கல், உள்ளே சேற்றுக் கல் தெறித்த தழும்பு, ஓரத்தில் பழைய கறுப்பு என்றால் விலை பேசலாம்.

இந்தச் சாலையின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலேயர் தங்கள் தலைமையமைச்சர் பிட் என்பவரின் பெயரால் இதனைப் பிட் தெரு என்றழைத்தார்கள். பிறகு பள்ளிவாசலின் பெயர் சாலைக்கு வந்தது. வந்தது நல்லதே, பிட் இங்கே கால் வைத்தவரும் அல்லர். ஆயினும் பழைய வரைபடத்தில் பிட் தெரு இருக்கிறது, பெரியோர் வாயிலும் இருக்கிறது. புதிய பெயர் பழையதைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேல் அமர்ந்திருக்கிறது. ‘கெலிங்’ என்னும் சொல்லையும் பாருங்கள். கலிங்கம் என்பதன் திரிபாகக் கருதப்படும் அச்சொல் ஒரு காலத்தில் வெறும் இனப்பெயர், பின்னாளில் வசைச்சொல்லாயிற்று. இன்று எவரேனும் நம்மை அவ்வாறு அழைத்தால் சினம் வரும், வரத்தான் வேண்டும். எனினும் பள்ளிவாசலின் பெயர்ப் பலகையில் அது நிற்கிறது. தமிழ் முஸ்லிம்களுக்குத் தலைவராக ஒருவர் இருந்தார், அவருக்கு அரசு கப்பித்தான் என்று பட்டம் தந்தது என்பதற்கு அச்சொல்லே சான்று. நமக்கு உவப்பில்லாத ஒரு சொல்லையே சான்று என்று காக்கத் தெரிந்த நமக்கு, பாட்டன் கையால் எழுதிய பெயரைக் காக்கத் தெரியாதா?

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். கட்டுரை எழுதச் சொல்லும்போது ‘என் மிதிவண்டி’ என்று தலைப்புக் கொடுப்பது வழக்கம். பிள்ளைகளும் பாடநூலில் உள்ளதைத் திருப்பி எழுதுவார்கள். ஒருமுறை ‘எங்கள் வீட்டுப் பழைய மிதிவண்டியில் எழுதியிருப்பது’ என்று கொடுத்துப் பாருங்கள். வீட்டில் இல்லாதவர் அண்டை வீட்டில் பார்க்கட்டும். வண்டியின் பெயர், முத்திரைத் தகட்டில் உள்ள உருவம், மட்கார்டில் உள்ள கோடுகளின் எண்ணிக்கை, வெண்பட்டை உண்டா இல்லையா, பெயர் எழுதியிருந்தால் எந்த மொழியில், எத்தனை வண்ண அடுக்கு, துளைகள் எத்தனை, இவற்றைப் பிள்ளை தன் கையால் எழுதிக்கொண்டு வரட்டும். தாத்தாவிடமும் அத்தையிடமும் கேட்டு, வண்டி யாருடையது, எந்தக் கடையில் வாங்கியது, சூலியா தெருவா வேறு ஊரா என்று சேர்த்துக்கொள்ளட்டும். முப்பது பிள்ளைகள் எழுதினால் முப்பது ஆவணம். வண்டி பட்டறைக்குப் போனாலும் ஏட்டில் ஒரு படி இருக்கும்.

பட்டறை நடத்தும் தோழர்களுக்கும் ஒரு சொல். மட்கார்டின் உட்புறத்தை, சக்கரம் மாட்டிய பிறகு யாரும் பார்ப்பதில்லை. வேலை முடித்ததும் அங்கே, சேறு படாத மேல்வளைவில், சிறு தூரிகையால் நான்கு வரி எழுதுங்கள்: எந்த ஆண்டு, யார் கை வைத்தது, எந்த இடத்தில் புதுப் பூச்சு, எதைத் தொடாமல் விட்டது. தமிழிலேயே எழுதுங்கள். மேலே ஒரு தடவை வார்னிஷ் கொடுத்துவிட்டால் அடுத்த முறை கழற்றுபவர் வரும்வரை அது நிற்கும்.